நாள் எண்ணத் தவறிய செங்கோல்

2025 மே 22 அன்று, இத்தாலியும் டென்மார்க்கும் முன்னிற்க, ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் தலைவர்கள் ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டார்கள். குற்றம் புரிந்த வெளிநாட்டவரை வெளியேற்றும் உரிமையை ஸ்ட்ராஸ்பூர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அளவுக்கு மீறிக் கட்டுப்படுத்துகிறது என்பதே அதன் சாரம். அதற்கு இரண்டு மாதம் முன்பு அமெரிக்காவில், 2019இல் நீதிபதி ஒருவர் விதித்திருந்த தடை நடப்பிலிருக்கும்போதே ஒருவர் எல் சால்வடோர் சிறைக்கு விமானமேற்றப்பட்டார். அது ‘நிர்வாகப் பிழை’ என்று அரசே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. ஒருபுறம் சட்டம் கையைக் கட்டுகிறது என்ற முறையீடு; மறுபுறம் சட்ட ஆணையைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் நீண்டுவிட்ட கை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது மனத்தை வருத்தும் கேள்வி ஒன்று எழுகிறது. அனுப்ப வேண்டியவரை அனுப்ப முடியாமல் போவதற்குச் சட்டம் காரணமா, சட்டத்தைக் கையாளத் தெரியாத அரசு காரணமா? விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு மனிதரை நாட்டைவிட்டு அகற்றும் அதிகாரத்தைக் கையில் எடுக்கும் அரசு, அந்த அதிகாரத்துக்குச் சட்டம் விதித்த நாள்கணக்கைப் பிழையின்றி அறிந்திருக்க வேண்டும். அறியாமல் இருப்பது அறக்குற்றம். அதன் பழியை நீதிமன்றத்தின் தலையில் சுமத்துவது இரண்டாவது குற்றம்.

இதற்குத் தெளிவான சான்று பிரிட்டனில் 2012ஆம் ஆண்டு நடந்தது. அபூ கதாதா என்று உலகம் அறிந்த ஜோர்தானிய மதகுரு ஒமர் ஒத்மான், 1993இல் போலிக் கடவுச்சீட்டில் பிரிட்டன் வந்து, மறு ஆண்டு அகதியாக ஏற்கப்பட்டவர். வன்முறையை நியாயப்படுத்திய அவருடைய போதனைகள் பல நாடுகளைக் கலங்கவைத்தன. ஜோர்தான் நீதிமன்றம் அவர் இல்லாமலேயே வழக்கு நடத்தி இருமுறை தண்டித்தது. 2005 ஆகஸ்டில் பிரிட்டன் அவரை நாடு கடத்த முடிவெடுத்தது. அவரைத் துன்புறுத்த மாட்டோம் என்று ஜோர்தானிடமிருந்து உறுதிமொழியும் பெற்றது. வழக்கு படிப்படியாக மேலேறியது. 2009இல் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் அரசின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். அங்கிருந்து அது ஸ்ட்ராஸ்பூர்க் சென்றது. 2012 ஜனவரி 17 அன்று அந்நீதிமன்றம் இரண்டு முடிவுகளைச் சொன்னது. ஜோர்தானின் உறுதிமொழி இருப்பதால் அவர் சித்திரவதைக்கு ஆளாவார் என்று கொள்ள முடியாது என்பது ஒன்று. பிறரைச் சித்திரவதை செய்து பெற்ற வாக்குமூலங்கள் அங்கே அவருக்கு எதிராகப் பயன்படக்கூடிய மெய்யான ஆபத்து இருப்பதால், இப்போது அனுப்புவது நேர்மையான விசாரணைக்கான உரிமையைப் பறிப்பதாகும் என்பது மற்றொன்று.

அந்தத் தீர்ப்பை நீதிமன்றத்தின் பெரும் அமர்வுக்குக் கொண்டுசெல்லக் கோருவதற்கு, ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 43ஆம் பிரிவு தீர்ப்பு நாளிலிருந்து மூன்று மாதக் கெடு தருகிறது. அந்தக் கெடு ஏப்ரல் 16 நள்ளிரவோடு முடிந்தது என்று பிரிட்டனின் உள்துறை அமைச்சகம் கணக்கிட்டது. 17ஆம் தேதி அபூ கதாதா கைது செய்யப்பட்டார். உள்துறை அமைச்சர் தெரசா மே அன்றே நாடாளுமன்றத்தில் எழுந்து, நாடு கடத்தும் பணி மீண்டும் தொடங்குகிறது என்று அறிவித்தார். அன்றிரவு, நள்ளிரவு அடிப்பதற்குள், அபூ கதாதாவின் வழக்கறிஞர்கள் பெரும் அமர்வுக்கு மனு அனுப்பிவிட்டார்கள். வேலை அங்கேயே நின்றது. 19ஆம் தேதி எதிர்க்கட்சி உறுப்பினர்கள் அமைச்சரைத் துளைத்தெடுத்தார்கள். கெடு 16ஆம் தேதி திங்கட்கிழமையோடு முடிந்துவிட்டது என்பதிலிருந்து அவர் இறங்கி வரவில்லை. மே 9 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட குழு முடிவு சொன்னது: மனு கெடுவுக்குள்தான் வந்திருக்கிறது, ஆனால் அதைப் பெரும் அமர்வுக்கு அனுப்பத் தேவையில்லை. வழக்கில் அரசுக்கு எதுவும் பறிபோகவில்லை. ஆனால் ஒரு பேரரசை ஆண்ட நாட்டின் உள்துறைக்கு மூன்று மாதம் எண்ணத் தெரியவில்லை என்பது உலகுக்குத் தெரிந்துபோயிற்று.

இந்தக் கணக்கு அவ்வளவு சிக்கலானதா? இங்கிலாந்தின் சொந்தச் சட்ட மரபே இதற்கு நெடுங்காலமாக விடை வைத்திருக்கிறது. ஒரு நிகழ்விலிருந்து கெடு எண்ணும்போது நிகழ்ந்த நாளைக் கழித்துவிட்டு மறுநாளிலிருந்து எண்ணுவது, அங்கே 1808ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றிலிருந்தே வலுப்பெற்ற வழக்கம். அங்கிருந்து வந்த மரபில்தான் இந்தியாவின் 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டமும் தன் 12ஆம் பிரிவில் முதல் நாளைத் தள்ளிவிடச் சொல்கிறது. நம் ஊர் நீதிமன்றங்களில் வழக்கறிஞரின் குமாஸ்தாவுக்குக்கூட அது மனப்பாடம். 1981இல் பிரபுக்கள் சபைக்கு வந்த ஒரு வாடகை வழக்கு இன்னும் பொருத்தமானது. 1978 செப்டம்பர் 30 அன்று கட்டட உரிமையாளரின் அறிவிப்பு கொடுக்கப்பட்டது. வாடகைதாரருக்கு நான்கு மாதக் கெடு. அவர் 1979 ஜனவரி 31 அன்று மனுப் போட்டார். மாதக் கெடு என்றால் அதே எண்ணுள்ள தேதியில் முடியும், ஆகவே ஜனவரி 30தான் கடைசி நாள் என்று சொல்லி, ஒரே ஒரு நாள் தாமதத்துக்காக அவருடைய மனுவைத் தள்ளினார்கள். அந்த அளவுகோலை ஜனவரி 17இல் வைத்துப் பார்த்தால் மூன்று மாதம் முடிவது ஏப்ரல் 17. சாதாரணக் குடிமகன் ஒருவனை எந்த விதியால் ஒரு நாளுக்காகத் தோற்கடித்தார்களோ, அந்த விதியையே அரசு தனக்கென்று வரும்போது மறந்தது.

காலத்தை எண்ணுவது அலுவலகக் குமாஸ்தாவின் வேலை, அதில் அறத்துக்கு என்ன இடம் என்று கேட்பவர்கள் திருக்குறளின் அதிகார வரிசையை ஒருமுறை பார்க்கட்டும். தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று நான்கு அதிகாரங்களை வள்ளுவர் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறார். காலம் கூடும்வரை கொக்குப்போல் அசையாமல் காத்திருந்து, கூடியதும் அது மீனைக் கொத்துவதுபோல் பிசகாமல் முடிக்க வேண்டும் என்பது அவர் அரசனுக்குக் காட்டும் வழி. ஏப்ரல் 17 அன்று கொக்கு ஒரு நாள் முன்னதாகவே கொத்திவிட்டது. அரசனுக்குரிய பத்து அறிவுரைகளைப் பொச்சாவாமை என்ற தலைப்பில் தொகுத்து, அதை அடுத்துத்தான் செங்கோன்மையை வைத்திருக்கிறார் அவர். கவனம் பிசகாமை என்ற வாசற்படியைத் தாண்டாமல் நல்லாட்சி என்ற வீட்டுக்குள் போக முடியாது என்பதே அந்த வைப்புமுறையின் பொருள். எல்லை மீறிய சினத்தைவிட, வெற்றிக் களிப்பில் வரும் மறதி கேடானது என்றும் அங்கேதான் அவர் எச்சரிக்கிறார். வழக்கு முடிந்துவிட்டது என்ற களிப்போடு அவையில் எழுந்தவருக்கு இதைவிடப் பொருந்தும் எச்சரிக்கை வேறில்லை. இவை பொருட்பாலில்தானே வருகின்றன, அறத்துப்பாலில் இல்லையே என்று வாதிடலாம். செங்கோன்மையும் பொருட்பாலில்தான் இருக்கிறது. ஆள்பவருக்குத் திறமையும் நீதியும் ஒரே கூரையின் கீழ் வாழ்பவை.

மறுபக்கத்து நியாயம் ஒன்று உண்டு; அதை மறைக்க வேண்டியதில்லை. 2005 ஜூலை 7 அன்று லண்டனில் குண்டுகள் வெடித்து 52 பேர் மாண்டார்கள். அந்தத் துயரத்தைக் கண்ட மக்களைக் காக்கும் பொறுப்பு எந்த அரசுக்கும் தலையாயது. அபூ கதாதா ஆபத்தானவர் என்று பிரிட்டனின் நீதிபதிகளே கருதினார்கள். அந்தக் கவலை மெய்யானது. ஆனால் கவலை மெய்யானது என்பதாலேயே கணக்கு சரியாகிவிடாது. ஆபத்தானவர் என்று தெரிந்தவரின் வழக்கில்தான் அரசு இருமடங்கு விழிப்போடு இருந்திருக்க வேண்டும். காவல் வலிமையாக இருக்க வேண்டிய இடத்தில் கதவைத் தாழிட மறந்தவன், திருடன் கெட்டவன் என்று சொல்லித் தப்ப முடியாது.

ஒரு நாள் முன்னே பின்னே போவதெல்லாம் வெறும் தொழில்நுட்பக் குறை, அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பயங்கரவாதச் சந்தேக நபர் தப்பலாமா என்று கேட்கிறார்கள். கெடு என்பது வலியவனுக்கும் எளியவனுக்கும் நடுவே சட்டம் போட்ட வேலி. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் பிரதிவாதி தன் மறுமொழியை ஆயத்தம் செய்ய மூன்று அல்லது ஏழு இரவுகள் தருகிறது. கெடு தவறினால் அபராதமும் விதிக்கிறது. கடுமைக்குப் பெயர்போன அந்த நூல்கூடக் குற்றம் சாட்டப்பட்டவனின் இரவுகளை எண்ணிக் கொடுத்தது. கடைசி நாளின் கடைசி மணியில் மனுப் போட்டது தந்திரம் என்பார்கள். தந்திரமாகவே இருக்கட்டும். கடைசி மணியும் கெடுவின் பகுதிதான். வரியைக் கடைசி நாளில் கட்டுகிறவனை யாரும் ஏய்ப்பவன் என்பதில்லை. ஐயம் இருக்கும்போது ஒரு நாள் பொறுத்திருந்தால் அரசுக்கு ஆகியிருக்கும் இழப்பு ஒரு நாள். பொறுக்காததால் ஆனது மூன்று வாரத் தாமதமும், அதைவிடப் பெரிதாக, அரசின் சொல்லுக்கு இருந்த மதிப்பும். முறை செய்வது எவராயினும் சார்பின்றி ஆராய்ந்து செய்வதே என்பது வள்ளுவர் வகுத்த இலக்கணம். அந்த ‘எவராயினும்’ என்பதற்குள் நமக்குப் பிடிக்காதவரும் அடங்குவார்.

மனுவைக் குழு தள்ளிவிட்டதே, ஆகவே பிழையால் முடிவு மாறவில்லையே என்பது அடுத்த வாதம். பின்னால் நடந்தவை இதற்கு விடை. 2012 நவம்பரில் குடியேற்றச் சிறப்பு மேல்முறையீட்டு ஆணையம் அபூ கதாதாவின் முறையீட்டை ஏற்றது. 2013 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அரசின் மனுவைத் தள்ளியது. நாள்கணக்கு சரியாக இருந்திருந்தாலும் அடிப்படைக் குறை அப்படியே இருந்தது: சித்திரவதைச் சான்று பயன்படாது என்பதற்கு உறுதி வேண்டும். அதே தெரசா மே 2013 ஏப்ரலில், நேர்மையான விசாரணைக்கு உத்தரவாதம் தரும் உடன்படிக்கை ஒன்று ஜோர்தானுடன் செய்யப்பட்டிருப்பதாக அறிவித்தார். அது நடைமுறைக்கு வந்தால் தாமே போய்விடுவதாக அபூ கதாதா ஒப்புக்கொண்டார். ஜூலை 7 அன்று நார்த்தோல்ட் விமானத் தளத்திலிருந்து அவர் ஜோர்தான் புறப்பட்டார். எட்டு ஆண்டுப் போராட்டத்தை முடித்தது அவசரக் கைது அல்ல. சட்டம் கேட்டதைப் பொறுமையாகச் செய்துகொடுத்த உடன்படிக்கை. வழக்குக்கு மட்டும் 17 லட்சம் பவுண்டுக்கு மேல் செலவாயிற்று. சட்டம் தடை போடவில்லை; செய்ய வேண்டிய வேலை எது என்று காட்டியது. அதைச் செய்த அன்று கதவு திறந்தது. இன்னொன்றும் எண்ணத்தக்கது: 2014இல் ஜோர்தான் நீதிமன்றமே போதிய சான்று இல்லையென்று இரு வழக்குகளிலும் அவரை விடுவித்தது. ஸ்ட்ராஸ்பூர்க் நீதிபதிகள் சான்றுகளின் தரம் பற்றிக் கொண்ட ஐயம் வீண் ஐயமாக இருக்கவில்லை.

அவசரம் எப்போதும் நகைப்போடு முடிவதில்லை. சில நேரம் மனித உயிரோடு விளையாடிவிடும். 1991 மே மாதம், சாயிர் நாட்டிலிருந்து அடைக்கலம் கேட்டு வந்த ஆசிரியர் ஒருவரை, வழக்கு நிலுவையில் இருக்கும்போதே பிரிட்டன் விமானமேற்றிவிட்டது. அவரைத் திருப்பி அழைத்துவர நீதிபதி இட்ட ஆணையையும் அன்றைய உள்துறை அமைச்சர் கென்னத் பேக்கர் நிறைவேற்றவில்லை. 1993இல் பிரபுக்கள் சபை அது நீதிமன்ற அவமதிப்பே என்று உறுதிசெய்தது. அதற்கும் முன்பு, 1988 பிப்ரவரியில், தமிழர் ஐவர் பிரிட்டனிலிருந்து இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்கள் சென்ற பிறகே, 1989இல், அவர்களுடைய மேல்முறையீடு பிரிட்டனில் வென்றது; அதன் பின் அவர்கள் மீண்டும் பிரிட்டன் வர முடிந்தது. அனுப்பும்போது தவறாகத் தெரியாதது அனுப்பிய பிறகு தவறென்று தெரியவரலாம். அந்த இடைவெளியில் ஒருவர் உயிரோடு இருப்பார் என்பதற்கு யார் பிணை? சிலப்பதிகாரத்துப் பாண்டியன் கொடியவன் அல்லன். பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டு, அரசியின் ஊடலைத் தணிக்கப் போகும் வழியில், விசாரிக்காமல் ஆணையிட்டான். அவ்வளவுதான். அதற்கு மதுரை எரிந்தது. உறையூரில் இளந்தத்தன் என்ற புலவனை ஒற்றன் என்று எண்ணி நெடுங்கிள்ளி கொல்ல முனைந்தபோது, கோவூர் கிழார் குறுக்கிட்டுப் பாடி அவனை மீட்ட வரலாற்றைப் புறநானூறு காத்து வைத்திருக்கிறது. அயலூரிலிருந்து வந்தவன்மேல் ஐயம் கொள்வது அரசுக்கு இயல்பு. அந்த ஐயத்துக்கும் ஆணைக்கும் இடையே ஒருவர் பேச நேரம் இருக்க வேண்டும் என்பதுதான் நாகரிகம். அந்த நேரத்துக்குத்தான் இன்று கெடு என்று பெயர்.

ஆகவே ஆள்வோர் நீதிமன்றங்கள்மேல் கடிதம் எழுதுவதற்கு முன் தங்கள் கோப்புகளைத் திறந்து பார்க்கட்டும். கெடு எப்போது முடிகிறது என்று ஐயம் வந்தால் எழுத்தில் கேட்டுத் தெளியட்டும். தெளியாவிட்டால் ஒரு நாள் பொறுக்கட்டும். அவையில் வெற்றி முழங்குவதற்கு முன் நாள்காட்டியை இன்னொருவரிடம் கொடுத்துச் சரிபார்க்கட்டும். மனுநீதிச் சோழன் வாசலில் கட்டிய ஆராய்ச்சி மணியைப் பசு இழுத்தபோது, அதற்குரிய நேரம் முடிந்துவிட்டது என்று எந்தக் காவலனும் சொல்லவில்லை. மகனையே தேர்க்காலில் இட்ட அவனுடைய பெரிய தியாகத்தை இன்றைய அரசுகளிடம் யாரும் கேட்கவில்லை. மணி அடிப்பதற்குச் சட்டமே ஒரு நேரம் குறித்துக் கொடுத்திருக்கும்போது, அந்த நேரம் முடியும்வரை கயிற்றை அறுக்காமல் இருக்கட்டும். அவ்வளவே கேட்கப்படுகிறது. அதையும் செய்ய முடியாத அரசு, ஒரு மனிதரின் தலைவிதியை எழுதும் எழுதுகோலைத் தொடத் தகுதி பெறவில்லை.