பதவியை விட்டார், பணியை விடவில்லை

பதவியில் இருந்தால்தான் நாலு பேருக்கு நல்லது செய்ய முடியும் என்பார்கள். சொல்பவர் நல்லவராகவே இருப்பார். சொல்வதில் உண்மையும் இருக்கும். ஆனால் நல்லது செய்ய வழியில்லாமல் போன பிறகும், நாற்காலியில் நீடிக்க இதே பேச்சுதான் துணைக்கு வரும். காரணம் எந்த நாளில் சாக்காக மாறியது என்பது உட்கார்ந்திருப்பவர் மனசாட்சிக்கு மட்டுமே தெரியும். ஜப்பானில் தன் மனசாட்சியிடம் அதைக் கேட்டவர் தனகா ஷோசோ.

1841இல், இன்றைய தொச்சிகி மாகாணத்தில், கிராமத் தலைவர் வீட்டில் பிறந்தவர். 1890இல் ஜப்பான் நடத்திய முதல் பொதுத்தேர்தலில் நாடாளுமன்றக் கீழவைக்குத் தேர்வானார். தொடர்ந்து ஆறு முறை வென்றார். அவருடைய மக்கள் வதராசே ஆற்றை நம்பி வாழ்ந்தவர்கள். ஆற்றின் மேற்புறம் அஷியோ செப்புச் சுரங்கம். உருக்காலைப் புகையில் மலைக்காடு கருகியது. மொட்டை மலையிலிருந்து வெள்ளம் புரண்டு வந்தது. செம்பு கலந்த வண்டல் வயல்களில் படிந்தது. மீன் செத்தது, நெல் பொய்த்தது. 1891இல் தனகா அவையில் இதை எழுப்பினார். ஆனால் செம்பு அரசுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்தது. பதில் சொல்ல வேண்டிய அமைச்சர் முத்சு முனெமித்சுவின் மகனோ, சுரங்க அதிபர் புருகவா இச்சிபே வீட்டுக்குத் தத்துப் போயிருந்தார்.

பத்தாண்டு காலம் தனகா ஓயவில்லை. 1899இல் உறுப்பினர்களின் ஆண்டு ஊதியம் 800 யென்னிலிருந்து 2000 யென்னாக உயர்ந்தபோது எதிர்த்தார். பிறகு ஊதியம் முழுவதையுமே வேண்டாம் என்றார். 1900 பிப்ரவரியில், முறையிடத் தலைநகருக்கு நடந்த விவசாயிகளைப் போலீசார் அடித்து விரட்டினர். நாடு அழிந்துகொண்டிருப்பதை அரசு உணரவில்லையா என்று அவையில் கேட்டார். கேள்வியே விளங்கவில்லை, எனவே பதிலில்லை என்றது பிரதமர் யமகதா அரிதோமோவின் அரசு.

1901 அக்டோபரில் உறுப்பினர் பதவியைத் துறந்தார். டிசம்பர் 10 அன்று பேரரசர் மெய்ஜியின் வண்டியை நோக்கி மனுவுடன் ஓடினார். காவலர்கள் மடக்கினர்; பித்துப் பிடித்தவர் என்று சொல்லி விட்டுவிட்டனர்.

இதோடு நின்றிருந்தால் அவர் கோபத்தில் விலகிய அரசியல்வாதிகளில் ஒருவர். ஆனால் அவர் நிற்கவில்லை. சுரங்கத்தை மூடாமல், வெள்ளத்தைத் தேக்க யானகா கிராமத்தையே நீருக்குக் கொடுப்பது என அரசு முடிவெடுத்தது. 1904இல் தனகா அங்கே குடியேறினார். 1907இல், வெளியேற மறுத்த 16 குடும்பங்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. அவர்கள் குடிசை போட்டு அங்கேயே கிடந்தார்கள். வழிகாட்ட வந்தவருக்கு அவர்கள் நடுவில் ஒன்று உறைத்தது: இத்தனை காலம் தான் பேசியதே அதிகம், அவர்கள் சொன்னதைக் கேட்டது குறைவு. அறுபதைக் கடந்த வயதில் அந்தக் கிராமத்தாரிடம் மாணவராக அமர்ந்தார்.

இந்த வாழ்வுக்கு விலை உண்டு. அதில் ஒரு பங்கை, கணவரைப் பிரிந்தே பெரும்பாலான காலத்தைக் கழித்த மனைவி கட்சு கொடுத்தார். 1913இல் தனகா இறந்தபோது கையிலிருந்த பையில் நாட்குறிப்பு, புதிய ஏற்பாடு, அரசியல் சட்டப் பிரதி, சில கூழாங்கற்கள் இருந்தன. சுரங்கம் மூடியது 1973இல். விவசாயிகளுக்கு நிறுவனம் இழப்பீடு தர இசைந்தது 1974இல். இவை எதையும் அவர் பார்க்கவில்லை.

பதவி விலகுவது தன்னளவில் அறமாகிவிடாது. பொறுப்பிலிருந்து தப்பிக்கவும் ராஜினாமா செய்யலாம். விலகியவர் அடுத்து எங்கே போகிறார் என்பதில்தான் அவருடைய நேர்மை தெரியும். துன்பப்படுபவருக்கு முன்னிலும் நெருக்கமாகப் போயிருந்தால் அது துறவு. தொலைவாகப் போயிருந்தால் ஓட்டம். சங்கச் செயலாளர், பள்ளித் தலைமையாசிரியர், குடும்பத்தின் மூத்தவர் என்று சிறிதோ பெரிதோ ஓர் இடத்தில் அமர்ந்திருக்கும் எவருக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். நாளை இந்த இடம் போய்விட்டாலும் நான் செய்துகொண்டேயிருக்கும் வேலை எது? அதற்குப் பதில் இல்லையென்றால், இன்று நாம் செய்வது சேவையா என்பதையே முதலில் சரிபார்க்க வேண்டும்.