பேரும் ஆளும்

மனிதன் என்று நாம் யாரைக் குறிப்பிடுகின்றோம், எதனைக் கொண்டு குறிப்பிடுகின்றோம் என்பது தத்துவத்தின் பழம்பெரும் வினாக்களுள் ஒன்று. இவ்வினாவை ஆராயப் புகுவோர் உபநிடதங்களையோ பௌத்த நூல்களையோ கிரேக்க மேதைகளையோ துணைக்கொள்வது வழக்கம். இக்கட்டுரை ஒரு யப்பானியச் சித்திரத் திரைப்படத்தைத் துணைக்கொள்கின்றது. துப்பாக்கிச் சூடும் துரத்தலும் வெடிப்பும் நிறைந்த படமொன்றிலே தத்துவமா என்று வாசகர் வினவலாம். அவ்வாறு வினவுதல் நியாயமே. ஆயினும் பதுளையையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களையும் அறிந்த ஒருவர் அப்படத்தைக் காண்பாராயின், அதன் நடுவிலுள்ள வினா தமக்கு முன்பே பழக்கமானது என்பதை உணர்வார்.

'கோஸ்ட் இன் த ஷெல்' என்று உலகெங்கும் அறியப்படும் அப்படம் 1995 நவம்பரில் யப்பானில் திரைக்கு வந்தது. மசாமுனே ஷிரோ வரைந்த சித்திரக்கதையைத் தழுவி மமோரு ஓஷீ அதனை இயக்கினார். 'ஓட்டினுள் உறையும் ஆவி' என அதன் பெயரைத் தமிழாக்கலாம். உடல் வேறு, மனம் வேறு என்ற டெக்கார்ட்டின் கொள்கையை 'இயந்திரத்துள் ஆவி' என்று எள்ளி நகையாடியவர் கில்பர்ட் றைல். 1949இல் அவர் இட்ட அத்தொடரை ஆர்தர் கோஸ்லர் 1967இல் தமது நூலொன்றுக்குத் தலைப்பாக்கினார். அதன் எதிரொலியே இப்படத்தின் பெயர். படத்தின் புகழ் திரையரங்குகளில் விளைந்ததன்று, வீடுகளில் விளைந்தது. 1996இல் வீடியோ நாடாவாக அமெரிக்காவில் வெளியிடப்பட்டபோது, அவ்வாண்டு ஒகஸ்டில் 'பில்போர்ட்' இதழின் வீடியோ விற்பனைப் பட்டியலில் அது முதலிடம் பெற்றது. யப்பானியச் சித்திரப் படமொன்று அவ்விடத்தை எய்தியது அதுவே முதன்முறை.

வீடியோ நாடா நமக்கும் புதிதன்று. 1977இன் பின் திறந்த பொருளாதாரத்தோடு வீடியோ டெக்குகள் இந்நாட்டினுள் வந்தன. யப்பானின் உதவியோடு அமைந்த ரூபவாஹினி 1982இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. வாடகைக்கு எடுத்துவந்த டெக்கின் முன் இரவு முழுவதும் விழித்திருந்து படம் பார்த்த தலைமுறை ஒன்று நம்மிடையே உண்டு. ஒரு நாடாவிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று எனப் பிரதி பெருகப் பெருகப் படம் மங்கும், குரல் கரகரக்கும் என்பதை அத்தலைமுறை நன்கறியும். இச்சிறு அனுபவம் பின்னர் நமக்குப் பயன்படும்.

படம் 2029ஆம் ஆண்டில் நிகழ்வதாகக் கற்பிக்கப்பட்டுள்ளது. மனித மூளை கணினி வலையமைப்போடு நேராக இணைக்கப்பட்டுவிட்ட காலம் அது. கதையின் தலைவியான குசனாகி அரச காவற்பிரிவொன்றின் அதிகாரி. அவளது உடல் முழுவதும் செயற்கையானது. இயற்கையாக எஞ்சியது மூளையின் சிறு பகுதியே. பிறர் மூளையினுட் புகுந்து அவர்களைப் பொம்மைகளாக ஆட்டுவிக்கும் ஒரு குற்றவாளியை அவளது பிரிவு தேடுகின்றது.

தேடுதலின் இடையே குப்பை வண்டி ஓட்டும் ஒருவன் பிடிபடுகின்றான். தன் மனைவி மணவிலக்குக் கோருகிறாள் என்றும், மகளை எண்ணியே தான் வருந்துவதாகவும் அவன் நம்புகின்றான். மகளின் படத்தை உடன் வேலைசெய்பவனிடம் காட்டவும் முற்படுகின்றான். விசாரணையில் உண்மை வெளியாகின்றது: அவனுக்கு மனைவியும் இல்லை, மகளும் இல்லை. அந்நினைவுகள் யாவும் அவனுள் யாரோ புகுத்தியவை. அவன் காட்டிய படத்தில் அவனைத் தவிர வேறு மனிதர் எவருமில்லை.

ஆளை ஆளாக்குவது நினைவே என்றார் ஆங்கிலத் தத்துவஞானி ஜோன் லொக். நேற்றுச் செய்ததை 'நான் செய்தேன்' என இன்று நினைவுகூர்பவனே அதே ஆள் என்பது அவர் கருத்தின் சாரம். ஆயின் நினைவு நாடாவைப் போன்றதென்றால், அதனை அழிக்கலாம், வேறொன்றை அதன்மேற் பதியலாம், பிரதியும் எடுக்கலாம். ஒரே நினைவின் இரு பிரதிகள் இருந்தால் ஆட்கள் இருவரா, ஒருவரா? பொய் நினைவை உண்மையென நம்பி அழுகின்ற அக்குப்பை வண்டிக்காரன் ஆளே அல்லனா? அவன் சிந்தும் கண்ணீர் உண்மையானதே. ஆகவே நினைவு ஆளுக்கு உரியது எனலாமேயன்றி, நினைவே ஆள் எனல் பொருந்தாது.

அவ்வாறாயின் உடலா? குசனாகிக்கும் அவளது தோழன் பட்டோவுக்கும் இடையே ஓர் உரையாடல் நிகழ்கின்றது. பணியிலிருந்து விலகும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஆனால் விலகினால் செயற்கை உடலையும் மேம்படுத்தப்பட்ட மூளையையும் அரசிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதன்பின் எஞ்சுவது என்ன? படத்தின் இறுதிப் பகுதியில் கவச வண்டியொன்றின் மூடியைத் திறக்க முயன்று, தன் கைகள் பிய்ந்து போகுமளவும் அவள் இழுக்கின்றாள். தனக்குச் சொந்தமல்லாத உடலைத் தன் முதலாளிக்காகச் சிதைத்துக்கொள்ளும் அக்காட்சியைச் சாகசமாக மட்டும் காண நம்மால் இயலாது.

ஏனெனில் ஊவாத் தோட்டங்களின் லயக் காம்பராக்களில் வாழ்வோர் இந்நிபந்தனையை அறிவர். லயம் தோட்டத்துக்குச் சொந்தம். அதில் குடியிருக்கும் உரிமை தோட்ட வேலையோடு பிணைந்தது. பசறையிலும் நமுனுகுலையிலும் அப்புத்தளையிலும் பல தலைமுறைகள் பிறந்து வளர்ந்து மடிந்த காம்பராவும், வேலை நீங்கினால் நீங்க வேண்டிய காம்பராவாகவே இருந்துவந்தது. தோட்டத்து வழக்கில் 'பேர்' என்ற சொல்லுக்குள்ள பொருளையும் இங்கு நோக்குதல் வேண்டும். செக்ரோலில் ஒருவரின் பேருக்கு எதிரே பதியப்படும் ஒரு நாள் வேலையே 'ஒரு பேர்'. பறித்த கொழுந்து நிறையிற் குறைந்தால் 'அரைப்பேர்'. மாத முடிவில் 'எத்தனை பேர்?' என்று ஒருவரை வினவினால், அவர் வேலைசெய்த நாட்களையே அவ்வினா குறிக்கும். உலகெங்கும் ஆளைக் குறிக்கும் பேர் இங்கே உழைப்பின் அளவைக் குறிக்கின்றது. ஆளைப் பாதியாக்க இயலாது, பேரைப் பாதியாக்கலாம். இவ்வேறுபாட்டை மறந்தால் அரைப்பேர் பெற்றவரை அரை ஆளாகக் கருதும் மனப்பான்மை உருவாகும். கணக்குக்காக உண்டான சொல்லே மதிப்பீடாக மாறிவிடும்.

உடல் மாறினும் ஆள் மாறுவதில்லை என்பதற்கு இப்படமே ஒரு சான்று. 2008இல் ஓஷீ அதனைப் புதுப்பித்து வெளியிட்டார். சில காட்சிகள் கணினியால் மீள வரையப்பட்டன. ஒலி புதிதாக அமைக்கப்பட்டது. குற்றவாளிப் பாத்திரத்துக்கு ஆண் குரலுக்குப் பதிலாகப் பெண் குரல் வழங்கப்பட்டது. திரைச்சுருளிலிருந்து நாடாவுக்கும் நாடாவிலிருந்து இறுவட்டுக்கும் மாறிய பின்னரும் அதனை 'அதே படம்' என்றே அழைக்கின்றோம். தேர் என்பது சக்கரமா, அச்சா, நுகமா என மிலிந்த மன்னனை வினவிய நாகசேனர், நாகசேனன் என்பதும் வழக்கின் பொருட்டு இடப்பட்ட ஒரு பெயரே என்று விளக்கியதாக 'மிலிந்த பஞ்ஹ' கூறும். பேர் ஒரு வசதி. பொருளுக்கு அது ஆதாரமன்று என்ற அவ்வுரையைப் பௌத்தம் தழைத்த இந்நாடு நெடுங்காலமாக அறியும். அறிந்தும் மறந்தமையே நமது வரலாற்றின் துயரம்.

தேடப்பட்ட குற்றவாளி இறுதியில் ஒரு மனிதனன்று என்பது தெரியவருகின்றது. அரசின் இரகசியப் பணிக்கென ஆக்கப்பட்ட ஒரு கணினி நிரல், தன்னுணர்வு பெற்று, தானும் ஓர் உயிரெனக் கூறி அரசியல் அடைக்கலம் கேட்கின்றது. நீ தன்னைக் காத்துக்கொள்ளும் ஒரு நிரல் மாத்திரமே என்கின்றார் அதிகாரி. மனிதரின் மரபணுவும் அத்தகைய நிரலே என்று அது விடையிறுக்கின்றது. அதிகாரி தாம் ஓர் ஆள் என்பதைத் தாமே நிறுவ இயலாதவர். எனினும் நிறுவுமாறு கேட்கும் அதிகாரம் அவரிடம் உள்ளது. வினாவின் அநீதி இங்கேதான் தொடங்குகின்றது.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் பதுளைத் தொகுதியிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸைச் சேர்ந்த எஸ். எம். சுப்பையா பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். வாக்களித்தோருள் தோட்டத் தொழிலாளரும் இருந்தனர். அடுத்த ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. இந்நாட்டிற் பிறந்த ஒருவர் வழிவழிப் பிரசையாவதற்குத் தம் தந்தை இங்கே பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ நிறுவ வேண்டியதாயிற்று. பாட்டனின் பிறப்புக்கு எழுத்துச் சான்று காட்டுதல் நாட்டின் பெரும்பாலான குடிமக்களுக்கே அரிது. ஆயின் அது தோட்டத்து மக்களிடமே கேட்கப்பட்டது. 1949இல் வாக்குரிமையும் நீங்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். எண்களை வகுத்தல் எளிது. பதுளையிலும் பண்டாரவளையிலும் புகையிரதம் ஏறித் தலைமன்னார் நோக்கிச் சென்றவர்களோ எண்கள் அல்லர்.

பின்னர் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை வழங்கியது. இங்கே ஒரு வினாவைக் கேட்டே ஆகவேண்டும். அச்சட்டம் நிறைவேறிய நாளில் அம்மக்களிடம் நிகழ்ந்த மாற்றம் யாது? முதல்நாள் கொழுந்து பறித்த அதே கை மறுநாளும் பறித்தது. மாறியது ஏடு, ஆள் அன்று. அவ்வாறாயின் ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஏடு மறுத்தபோதும் ஆள் முழுமையாகவே இருந்தார் என்பது பெறப்படும்.

இங்கு இரு மறுப்புகள் எழலாம். கற்பனையான இயந்திரத்தையும் துன்புற்ற மக்களையும் ஒப்பிடுதல் தகுமா என்பது முதலாவது. மக்களை இயந்திரத்தோடு ஒப்பிடுவது எமது நோக்கமன்று; இருவரையும் நோக்கி ஒரே வினாவைத் தொடுக்கும் அதிகாரிகளின் குரலையே ஒப்பிடுகின்றோம். ஏடின்றி அரசு இயங்குமா என்பது இரண்டாவது. இயங்காது. யாருக்கு வாக்கு, யாருக்கு உணவு, யாருக்குப் பள்ளி என்பதை அறிய ஏடு வேண்டும். ஆனால் ஏடு ஆளை அறியும் கருவி. ஆளை ஆக்கும் கருத்தா அன்று. ஏட்டுக்கும் ஆளுக்கும் முரண் நேரின் திருத்தப்பட வேண்டியது ஏடே.

ஊவாவின் அண்மைக் கால நிகழ்வொன்று இதனைத் தெளிவாக்கும். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லாந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. காணாமற் போனோர் நூற்றுக்கு மேற்பட்டோர் என்று முதலிற் கூறப்பட்டது. பின்னர் அத்தொகை நாற்பதுக்கும் குறைவாகியது. தொகை தடுமாறிய அந்நாட்களில் மண்ணைப் பார்த்து நின்றவர்கள் தொகையைத் தேடவில்லை. இன்னாரின் தாய், இன்னாரின் தம்பி என்றே தேடினர். ஒருவரை மற்றொருவர் அறிந்திருத்தல் என்னும் இவ்வுறவே ஏட்டுக்கு முந்தியது.

ஆயின் அறிந்தோர் எவருமற்ற தனியன் ஆளில்லையா? மனைவியும் மகளும் பொய்யாகிப்போன அக்குப்பை வண்டிக்காரனிடம் நாம் மீள வேண்டியுள்ளது. அவனுக்காகச் சாட்சி சொல்ல யாருமில்லை. ஆகவே பிறர் அறிதலும் ஆளை ஆக்குவதில்லை. அது நம்மீது விழும் கடன் மாத்திரமே. நினைவு, உடல், ஏடு, உறவு ஆகிய நான்கனுள் எதனை உரைகல்லாகக் கொண்டாலும் அதனால் வெளியே தள்ளப்படும் ஒருவர் இருப்பார். ஆதலின் 'நீ ஆள் என்பதை நிறுவுக' என்று கேட்பதற்கு முன், கேட்கப்படாமலே ஆளாக ஏற்கப்பட்டவர்கள் நாம் என்பதை எண்ணுதல் வேண்டும். ஐயம் எழும்போது அதன் சுமையைத் தாங்க வேண்டியவர் ஐயுறுபவரே, ஐயுறப்படுபவர் அல்லர்.

படத்தின் முடிவில் அந்நிரல், தன்னைப் பிரதி செய்துகொள்ளத் தனக்கு இயலும் எனினும், பிரதி மகவாகாது என்கின்றது. பிரதிகள் அனைத்தையும் ஒரே நோய் அழித்துவிடக்கூடும்; உயிர் வேறுபட்டே தொடர்கின்றது. குசனாகியோடு இணைந்து அது புதிதொன்றாகின்றது. சிறுமியின் உடலொன்றில் அவள் கண் விழிக்கின்றாள். பிரதி மங்குவதை டெக்கின் முன் இருந்து கண்டவர்களுக்கு இது விளங்கும். செக்ரோலில் பேர் ஒவ்வொரு நாளும் அதே எழுத்தில் மீளப் பதியப்படும். அப்பேருக்கு உரியவரோ நாள்தோறும் புதிதாக வாழ்கின்றார், பிள்ளைகளைப் பெறுகின்றார், அவர்களைப் பள்ளிக்கு அனுப்புகின்றார். அப்பிள்ளைகளுட் சிலர் இன்று பல்கலைக்கழகங்களிலே பயில்கின்றனர். அவர்களின் பேரை ஏட்டிற் காண்போர், பேரோடு நின்றுவிடாது ஆளையும் காண்பாராக.