மலையடிவாரத்தில் யாருக்கு வீடு?

2024 டிசம்பர் 27. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரம், அமெரிக்கப் பனிச்சறுக்கு ஊர்களில் கூட்டம் நெரியும் நாட்கள். யூட்டா மாநிலத்தின் பார்க் சிட்டியில் அன்று மலைக் காவலர்கள் ஏறத்தாழ 200 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். விடியுமுன் மலையேறி, வெடிவைத்துப் பனிச்சரிவை முன்கூட்டியே இறக்கிவிட்டு, 'இனி வரலாம்' என்று வழி திறப்பவர்கள் இவர்கள். கால் முறிந்து கிடப்பவரைச் சறுக்குவண்டியில் கட்டிக் கீழே கொண்டுவருபவர்களும் இவர்களே. தொடக்க ஊதியத்தை மணிக்கு 21 டாலரிலிருந்து 23 டாலராக்கும்படி கேட்டார்கள். உச்ச நாட்களில் ஒருநாள் சீட்டு 300 டாலர் அளவுக்கு விற்கும் மலையில், இரண்டு டாலருக்காகப் பன்னிரண்டு நாட்களுக்கு மேல் போராட வேண்டியிருந்தது. ஜனவரி இரண்டாம் வாரத்தில் கேட்டது கிடைத்தது.

ஆனால் 23 டாலர் வாங்குபவராலும் அந்த ஊரில் வீடு வாங்க முடியாது. கூலியைவிடப் பெரிய கேள்வி இங்கேதான் இருக்கிறது. ஒரு மலையை விற்றுப் பிழைப்பவர், அந்த மலையில் உழைப்பவருக்குக் குடியிருக்க இடம் தரக் கடமைப்பட்டவரா?

பார்க் சிட்டி மலையை வெய்ல் ரிசார்ட்ஸ் நிறுவனம் 2014இல் 18.25 கோடி டாலருக்கு வாங்கியது. 1962இல் கொலராடோவின் ஒரே ஒரு மலையில் தொடங்கிய தொழில் அது. இன்று மூன்று கண்டங்களில் நாற்பதுக்கு மேற்பட்ட மலைகள் அதன் கையில். 2008இல் 'எபிக் பாஸ்' என்ற பருவச் சீட்டை 579 டாலருக்குக் கொண்டுவந்தது. பல மலைகளுக்கு ஒரே சீட்டு. அதிலும் பனி விழுமுன்பே விற்றுவிடும் சீட்டு. இதனால் அடிக்கடி சறுக்குபவருக்குச் செலவு குறைந்தது உண்மை, அதை மறுப்பது நேர்மையாகாது.

அந்தச் சீட்டின் உள்கணக்கை மட்டும் கவனிக்க வேண்டும். மழை பொய்த்தால் உழவன் தவிப்பதுபோல, பனி பொய்த்தால் மலை முதலாளி தவித்த காலம் இருந்தது. முன்பணம் கைக்கு வந்துவிட்டதால் அந்தத் தவிப்பில் பெரும்பங்கு இப்போது அவருக்கில்லை. லிஃப்ட் இயக்குபவருக்கும், சமையலறையில் நிற்பவருக்கும், பெருவிலிருந்தும் அர்ஜென்டினாவிலிருந்தும் ஒரு குளிர்காலத்துக்கென விசா வாங்கி வரும் மாணவருக்கும் அது அப்படியே இருக்கிறது. பனி குறைந்தால் வேலை நேரம் குறையும், வாடகை குறையாது. இயற்கையின் நிச்சயமின்மையிலிருந்து தன்னைக் காத்துக்கொண்ட ஒரு தொழில், அதே பாதுகாப்பில் ஒரு பங்கைத் தன் தொழிலாளிக்குத் தர மறுப்பது அநீதி.

இதனால் குற்றம் முழுவதையும் பெருநிறுவனத்தின் தலையில் கட்டிவிடலாமா? முடியாது. வயோமிங்கின் ஜாக்சன் ஹோல் மலை 1992 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது. அது இருக்கும் டீட்டன் மாவட்டத்து நிலத்தில் 97 விழுக்காடு மத்திய அரசுடையது. எஞ்சிய துண்டு நிலத்துக்குத்தான் நாட்டின் பெருஞ்செல்வர்கள் போட்டியிடுகிறார்கள். அவர்களுக்குச் சமைப்பவர்களும் பாடம் நடத்துபவர்களும் மலைக்கு அந்தப்பக்கம், ஐடஹோவில் குடியிருக்கிறார்கள். 2024 ஜூன் மாதத்தில் டீட்டன் கணவாய்ச் சாலை சரிந்து விழுந்தது. சாலை மீண்டும் திறக்கும்வரை மூன்று வாரங்கள் தொழிலாளர்கள் மணிக்கணக்கில் சுற்றுவழியில் வந்து போனார்கள். ஓர் ஊரின் அன்றாட வாழ்வு எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகிறது என்பதை அந்தச் சரிவு காட்டியது. இத்தனைக்கும் ஜாக்சன் ஹோல் மலை எந்தச் சங்கிலி நிறுவனத்துக்கும் சொந்தமில்லை.

இன்னும் கசப்பான கதை, அந்த நிறுவனம் பிறந்த கொலராடோவின் வெய்ல் நகரிலேயே நடந்தது. கிழக்கு வெய்லில் தனக்கிருந்த நிலத்தில் 165 தொழிலாளர்களுக்குப் படுக்கை வசதியுள்ள குடியிருப்பு கட்ட நிறுவனம் முன்வந்தது. 2019இல் அனுமதியும் கிடைத்தது. ஆனால் அந்தச் சரிவு வளைகொம்பு மலையாடுகளின் குளிர்கால மேய்ச்சலிடம். பனி மூடிய மாதங்களில் அவற்றுக்கு வேறு போக்கிடம் குறைவு. 2022 மே மாதத்தில் நகர மன்றம் 4-க்கு 3 என்ற வாக்கில் நிலத்தைக் கையகப்படுத்தத் தீர்மானித்தது.

ஆடுகளுக்காகப் பேசியவர்களின் அக்கறை பொய் என்று சொல்ல மாட்டேன். அந்த மந்தை உண்மையானது, அதன் நெருக்கடியும் உண்மையானது. வேறிடத்தில் கட்டித் தருகிறோம் என்று நகரமும் சொன்னது. ஆயினும் ஒன்று உறுத்துகிறது. அதே பள்ளத்தாக்கில், அதே ஆடுகளின் நிலத்தில், முன்பே வீடுகள் எழுந்திருந்தன. ஆட்டின் பொறுமைக்கு எல்லை உண்டு என்பது, தொழிலாளி வீடு கேட்ட அன்றுதான் பலருக்கு நினைவுக்கு வந்தது. வெய்ல் நகரின் வீடுகளில் பாதிக்கு மேல் ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடப்பவை. பூட்டிய வீடுகளுக்கு நடுவே, திறக்க ஒரு கதவுகூட இல்லாத மனிதர்தான் இயற்கைக்கான விலையைத் தர வேண்டும் என்பது எந்தத் தராசிலும் நில்லாது.

ஆகவே கடன் இருவருடையது: மலையை விற்பவருடையது, அந்த மலையின் அழகால் தன் வீட்டு மதிப்பு பெருகக் கண்டவருடையது. இரண்டாமவரிடம் வாங்க வழி இல்லாமல் இல்லை. ஆஸ்பென் நகரம் வீட்டு விற்பனையில் வரி வாங்கித் தொழிலாளர் குடியிருப்புகளைக் கட்டிவந்திருக்கிறது. கொலராடோவின் மற்ற ஊர்களால் அப்படிப் புதிய வரி போட முடியாது. 1992இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தம் அதைத் தடுத்துவிட்டது. வெய்ல் நகரமோ 2017 முதல் வீட்டு உரிமையாளருக்குப் பணம் கொடுத்து, 'இனி இதில் உள்ளூரில் உழைப்பவரே குடியிருக்கலாம்' என்று பத்திரத்திலேயே நிபந்தனை எழுதி வாங்குகிறது. நல்ல செயல். ஆனால் செலவு பொதுப்பணத்தில்.

முதலாமவரிடம் கேட்கும் உரிமை இன்னும் வலுவானது. வெய்ல் மலை முழுவதும் அந்த நிறுவனத்தின் சொத்து அல்ல. அதன் சறுக்குச் சரிவுகளில் பெரும்பகுதி வெள்ளை நதி தேசியக் காட்டைச் சேர்ந்தது, அமெரிக்க மக்கள் அனைவருக்கும் சொந்தமானது. வனத்துறை தரும் அனுமதி 40 ஆண்டுகள் வரை நீளலாம். அதற்குக் கட்டணம், வருவாயில் 1.5 முதல் 4 விழுக்காடு. பொதுநிலத்தை வைத்துத் தொழில் செய்பவரிடம் பொதுமக்கள் நிபந்தனை வைப்பது கொடுமையாகாது.

எந்த மரத்தை வெட்டலாம், எந்த ஓடையைத் தொடக்கூடாது என்பதற்கெல்லாம் அந்த அனுமதிகளுக்கு விதிகள் உண்டு. புதுப்பிக்கும் நாள் வரும்போது இன்னொரு வரியும் சேர வேண்டும்: இந்த மலையில் வேலை செய்பவருக்கு, இந்தப் பள்ளத்தாக்கிலேயே, அவர் கூலிக்குள் அடங்கும் வாடகையில் ஓர் அறை. அதை எழுதாமல் எந்த வன அதிகாரியும் கையெழுத்திடக் கூடாது.