அந்தப் பய என்ன சொன்னான்?

கல்லூரித் தேர்வுக்காக இளையாத்தங்குடி வீட்டில் உட்கார்ந்து புறநானூற்றின் 279ஆம் பாட்டை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஒக்கூர்க்காரர் என்று இந்தப் பக்கத்தில் உரிமை கொண்டாடும் மாசாத்தியார் பாடியது. நேற்றைய போரில் கணவனை இழந்தவள், இன்று பறை கேட்டதும் ஒரே மகனின் குடுமிக்கு எண்ணெய் தடவி, வேல் கொடுத்துக் களத்துக்கு அனுப்புகிறாள். வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பத்தா கேட்டார்: "அந்தப் பய என்ன சொன்னான்?"

பாட்டில் பதில் இல்லை. தேர்வில் 'மறக்குடி மகளிர் வீரம்' என்று எழுதினேன். பிறகு இருபது ஆண்டுகள் அப்படியே கற்பித்தும் வந்தேன்.

விடுதலைப் புலிகளின் பரப்புரையிலும் அந்தத் தாய் இருந்தாள். களத்தில் வீழ்ந்த மகளும் இருந்தாள். 1987 அக்டோபர் 10இல் கோப்பாயில் மாலதி இறந்த நாளைப் பெண்கள் எழுச்சி நாளாக்கினார்கள். ஒவ்வொரு நவம்பர் 27இலும் வந்த மாவீரர் நாள் உரையைக் கொழும்பிலும் தில்லியிலும் சொல் சொல்லாகப் பிரித்துப் படித்தார்கள். அடுத்து போரா, பேச்சா என்பதே அவர்கள் தேடியது.

அந்த வாசிப்பு கூடாது என்று நான் சொல்லமாட்டேன். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் குண்டைக் கட்டிக்கொண்டு வந்தவள் ஒரு பெண். ராஜீவ் காந்தியோடு இறந்தவர்களில் கவிதை சொல்ல வந்த ஒரு சிறுமியும் உண்டு. முன்கூட்டிப் படித்து ஓர் உயிரைக் காக்க முடியுமென்றால் படிக்கத்தான் வேண்டும்.

ஆனால் எப்படிப் படிப்பது? மேடையில் தாய் பிள்ளையைத் தந்தாள். போரின் கடைசி ஆண்டுகளில் வன்னித் தாய்மார் பிள்ளைகளை ஒளித்துவைத்தார்கள்; கட்டாய ஆள்சேர்ப்புக்குத் தப்ப அவசர அவசரமாக மணமுடித்தார்கள். உரையை மட்டும் படித்த உளவு அதிகாரிக்கு எல்லாத் தாயும் இயக்கத்தின் தாய். ஆகவே எல்லாத் தாயும் சந்தேகத்துக்குரியவள். பரப்புரை சொன்ன பொய்யை எதிரியும் நம்பினால், இடையில் நிற்கும் பெண் இருபுறமும் அடிபடுகிறாள்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் கற்பித்த ராஜினி திராணகம பெண்களிடமே போய்க் கேட்டு எழுதினார். 'முறிந்த பனை' நூலாசிரியர்களில் ஒருவரான அவரை 1989 செப்டம்பர் 21இல் சுட்டுக் கொன்றார்கள். கேட்பது அவ்வளவு ஆபத்தான வேலை.

இப்போது 279ஆம் பாட்டை நடத்தும்முன் அப்பத்தாவின் கேள்வியைக் கரும்பலகையில் எழுதுகிறேன். தேர்வில் அது வராது என்று மாணவிகளுக்குத் தெரியும். ஆனாலும் குறித்துக்கொள்கிறார்கள்.