கேட்கிற வாய்

ஊரில் நாம் எதையும் படித்துத் தெரிந்துகொள்வதில்லை, கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறோம். பேருந்தின் நெற்றியில் ஊர்ப்பெயர் பளிச்சென்று எழுதியிருந்தாலும், படியில் கால் வைக்குமுன் "திருமங்கலம் போகுமா?" என்று ஒருவரைக் கேட்டால்தான் மனசு ஆறும். ஜெர்மனிக்கு வந்தபின் என்னிடமிருந்து முதலில் நழுவியது இந்தப் பழக்கம்தான். அரிசியும் புளியும் கடையில் கிடைக்கின்றன. குளிருக்குக் கோட்டு வாங்கிக்கொள்ளலாம். கேட்பதற்கு அவசியமே இல்லாத ஒரு வாழ்க்கைக்குப் பழகுவதுதான் சிரமம்.

இங்கே எல்லாமே எழுத்தில் இருக்கிறது. புது வீட்டுக்குப் போனால் 2 வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். பதிந்தால் வரி எண் தபாலில் வரும். பொது வானொலி, தொலைக்காட்சிக்காக வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கட்டச் சொல்லும் கடிதமும் வரும், வீட்டில் டிவி இல்லாவிட்டாலும். அடுக்குமாடிகளில் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தபால் பெட்டியில் பெயர் ஒட்டியிருந்தால்தான் கடிதம் கைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருப்பதற்குக்கூட 1919ஆம் ஆண்டின் வைமார் அரசியல் சட்டம் வரை வேர் இருக்கிறது.

இந்த ஒழுங்கை நான் மனதார மதிக்கிறேன். தாலுகா அலுவலகத்தில் ஒரு சான்றிதழுக்குத் தெரிந்த ஆளைத் தேடி அலைந்தவனுக்கு, யாரையும் தெரியாமலே வேலை முடிகிறது என்பது எவ்வளவு பெரிய கௌரவம்! ஆனால் யாரையும் தெரியாமலே எல்லாம் முடிந்துவிடுவதால், யாரையும் தெரியாமலே வருஷங்களும் போய்விடுகின்றன. டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும்போது அது உறைக்கிறது. கையில் இருக்கும் ஃபோன் மிச்சத்தையும் செய்துவிடுகிறது. கடிதத்தைப் படம் பிடித்தால் மொழிபெயர்க்கிறது, வழி காட்டுகிறது, கடைக்காரரிடம் வாய் திறக்கும் தேவையையும் எடுத்துவிடுகிறது.

நான் இருக்கும் டோர்ட்மண்டிலிருந்து ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் பக்கம்தான். 2002இல் குடமுழுக்கு கண்ட கோயில். தேர்த்திருவிழாவில் பேசக் கிடைத்த பெரியவர் 80களில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். அன்றைய சட்டப்படி, அகதி விண்ணப்பம் முடிவாகும்வரை ஒதுக்கிய எல்லையைத் தாண்ட அனுமதி வேண்டும். அவருக்கு ஒதுக்கிய சின்ன ஊருக்குள் தமிழ் பேச வேறு ஆள் இல்லை. எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டேன். "எங்களுக்கு அப்ப ஃபோன் எங்க இருந்தது தம்பி? கையைக் காட்டிக் காட்டித்தான் கேட்டனாங்கள்" என்றார். அப்படிக் கேட்கப்போய்ப் பழக்கமான ஒரு ஜெர்மன் குடும்பம் அவர் மகளின் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்ததாம். நம்மைவிட ஆயிரம் மடங்கு கஷ்டத்தோடு வந்தவர்கள் அவர்கள். அந்தக் கஷ்டத்தை உயர்த்திப் பேச எனக்கு உரிமையில்லை. ஆனாலும் இந்த மண்ணில் அவர்களுக்கு மனிதர்கள் கிடைத்தார்கள், சம்பள வேலையோடு விமானத்தில் வந்திறங்கும் நமக்குக் கிடைப்பதில்லை என்பதை யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

எனக்கு வாசல் திறந்தது ஒரு பார்சல். நாம் வீட்டில் இல்லாவிட்டால் இங்கே பார்சலைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, யார் வாங்கினார்கள் என்று ஒரு சீட்டுப் போட்டுவிட்டுப் போவார்கள். கீழ்வீட்டு அம்மா என் பொன்னி அரிசி மூட்டையை வாங்கி வைத்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். "இவ்வளவு கனமாக என்ன?" என்று அவர்தான் முதலில் கேட்டார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்த என் பின்னாலேயே அவரும் வந்தார். வந்தவர் கண் நேரே படுக்கையறை மூலைக்குப் போனது. ஜன்னல் ஓரச் சுவரில் கறுப்பாகப் பூசணம் புள்ளி வைத்திருந்தது. சமையல் ஆவியும் உள்ளே காயும் துணியும் சேர்ந்தால் குளிர்நாட்டுச் சுவர் அப்படித்தான் வேர்க்கும். அவர் ஜன்னல்களை அகலத் திறந்துவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். 5 நிமிடம். மூடினார். காலையிலும் மாலையிலும் இப்படி, ஜன்னலை நாள் முழுக்கச் சாய்த்து வைக்காதே என்றார். வாடகை ஒப்பந்தத்தில் இதே விஷயம் ஒரு பத்தியாக இருக்கிறது, மொழிபெயர்த்துப் படித்தும் இருக்கிறேன். அவர் பக்கத்தில் குளிரில் நின்ற அந்த 5 நிமிடத்தில்தான் அது எனக்கு ஏறியது. அதன்பிறகு அவரைப் பார்ப்பதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. கேட்க எப்போதும் ஏதோ ஒன்று இருந்தது.

போன மாதம் சென்னையிலிருந்து வந்து சேர்ந்த அலுவலக நண்பர், வடை சுட்ட எண்ணெயை எந்தத் தொட்டியில் போடுவது என்று எனக்கு வாட்ஸப்பில் கேட்டிருந்தார். பதில் தெரிந்தும் சொல்லவில்லை. எதிர்வீட்டில் போய்க் கேளுங்கள், மிச்ச வடையையும் எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். அரைமணி நேரம் கழித்து எழுதினார்: மூடி போட்ட பாட்டிலில் ஊற்றிப் பொதுக் குப்பைத் தொட்டியில் போட வேண்டுமாம். எதிர்வீட்டுக்காரர் ரயில் ஓட்டுநராம், வடைக்கு என்ன பருப்பு என்று கேட்டாராம், சனிக்கிழமை சந்தைக்குப் போகும்போது கூட வரச் சொன்னாராம்.