பொருந்திய மீன்

வளப்பூர் நாட்டில், அறப்பளீசுவரர் கோயிலை ஒட்டி ஓடும் ஐயாற்றில் மீன் பிடிப்பதில்லை என்பது வழக்கம். அறுத்துச் சட்டியில் போட்ட மீன் துண்டுகள் பொருந்தி, உயிர்பெற்று, ஆற்றில் குதித்தோடின என்று கதை சொல்கிறார்கள். வருகிறவர்கள் மீன்களுக்கு இரை போடுகிறார்கள். அரசாங்க அட்டவணை எதையும் நம்பியிராத ஒரு காவல் இது.

இங்கே ஒரு மாணவன் நோட்டுப்புத்தகத்தோடு வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். நல்லவன். அழியும் உயிர்களைக் கணக்கெடுத்துப் பஞ்சாயத்தின் திட்டத்திற்கு உதவ நினைக்கிறவன். மீனின் பெயர் ஒரு கட்டத்தில், நீளம் ஒரு கட்டத்தில், கதை 'நம்பிக்கைகள்' என்ற கட்டத்தில். அதுவரை கையைத் தடுத்துக்கொண்டிருந்த கதை, எழுதி முடித்ததும் தடையைப் பற்றிய ஒரு தகவலாகிவிட்டது. எழுதிவைப்பது காப்பதா, காட்டிக்கொடுப்பதா?

'அப்படியானால் எழுதாமல் விடுவதா' என்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. கொல்லிமலையிலேயே கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திரிகுலச் சாமை என்று பிரித்தறியத் தெரிந்தவர்களின் கண்ணெதிரே மரவள்ளி வந்து நிலத்தைப் பிடித்துக்கொண்டது. சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகள் பணம் கொடுத்தன. சாமையைக் குற்றி அரிசியாக்கும் உழைப்போ பெண்கள் தலையில். தெரிந்திருப்பது மட்டும் எதையும் காப்பாற்றவில்லை. பிறகு சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வந்து விதைகளைத் தேடிச் சேர்த்ததையும், அரைவை யந்திரம் வைத்ததையும் என்னால் குறை சொல்ல முடியாது.

2002ஆம் வருஷத்து உயிரியல் பல்வகைமைச் சட்டம், உள்ளாட்சிதோறும் மக்கள் பதிவேடு வேண்டும் என்றது. பல வருஷங்கள் பெரும்பாலான இடங்களில் ஒன்றும் நடக்கவில்லை. பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31க்குள் முடிக்கச் சொன்னது. முடிக்காத மாநிலம் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். அபராதத்திற்குப் பயந்து எழுதப்படும் ஞாபகத்தின் லட்சணத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை.

சிரத்தையாக எழுதினாலும் ஆபத்து உண்டு. தென்சீனத்துப் பல்லி ஒன்று 1999இல் முதன்முறையாக விவரிக்கப்பட்டது. இருப்பிடம் அறிந்த வியாபாரிகள் பிடித்துப் பிடித்து, விவரிக்கப்பட்ட இடத்திலேயே அது இல்லாமற்போயிற்று. நம் கடற்கரையில் வேறு விதம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவாயின. அங்கே மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைத்த பெண்களுக்கு எந்தப் பாறையில் எப்போது எது வளரும் என்று தெரியும். திட்டம் வந்தபோது அவர்கள் அத்துமீறுகிறவர்களானார்கள். பாசியின் பெயர் பட்டியலில் ஏறியது. எடுத்தவள் வெளியே நின்றாள்.

அகத்தியமலையில் 1987இல் காணிக்காரர்கள், உடன்வந்த விஞ்ஞானிகளிடம் களைப்பு நீக்கும் ஒரு செடியைக் காட்டினார்கள். முதலில் தயங்கினார்கள். அது வெளியே சொல்வதற்கில்லை. செடி 'ஜீவனி' என்ற மருந்தாயிற்று. உரிமத் தொகையில் பாதி காணிகளுக்கு என்று ஏற்பாடு. நியாயமான பங்கீட்டுக்கு உதாரணமாக உலகெங்கும் இதைச் சொல்கிறார்கள். ஆனால் காணிகளில் ஒரு சாரார், எங்களைக் கேட்காமல் யார் சொன்னது என்று எதிர்த்தார்கள். பணத்தின் பங்கைக் கணக்கிட்டுவிடலாம். தயங்கிய அந்தக் கணத்தை எப்படிக் கணக்கிடுவது?

விஞ்ஞானத்தின் தர்மம் வேறு: உண்மை யாருக்கும் உரியதல்ல, ஆகவே எல்லோருக்கும் உரியது. ஆனால் ஒரு கிழவர் மாணவனிடம் சொல்வது உண்மை மட்டுமல்ல. அவனிடம் வைத்த நம்பிக்கையும்கூட. அந்த வாக்கியத்திற்கு ஒரு முகவரி இருக்கிறது. முகவரியை நீக்கிவிட்டு வாக்கியத்தை மட்டும் எடுத்துப்போவதில் பொய் எதுவுமில்லை. துரோகம் இருக்கலாம். (முந்நூறு பிரதி அச்சிட்டு, யார் படிப்பார்கள் என்று பெயர் பெயராகத் தெரிந்துவைத்திருக்கும் நமக்கு இது புரியாத விஷயமல்ல.)

இதிலும் ஓட்டை உண்டு. கிழவர்தான் ஊரா? விதையைச் சாம்பல் கலந்து காப்பாற்றும் அவர் மனைவிக்கு வேறு அபிப்பிராயம் இருக்கலாம். 'ஊர் ரகசியம்' என்று சிலர் தம் சௌகரியத்தையும் மூடிவைக்கலாம். ரகசியத்தைப் புனிதமாக்க நான் விரும்பவில்லை. மாணவன் எழுதியதை மலையிறங்குமுன் கோயில் வாசலில் உட்கார்ந்து எல்லோர் முன்னும் உரக்கப் படிக்கட்டும். பெண்களும் இருக்கட்டும். ஒருத்தி எழுந்து, 'அந்த வரி வேண்டாம், தம்பி' என்பாள். அவன் காரணம் கேட்பான். அவள் சொல்ல மாட்டாள். பேனா அப்போது அவன் கையில் இருக்கும்.