பச்சை வழியும் சிவப்பு வழியும்

சுங்குவார்சத்திரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் நாம் நன்கறிந்த குடும்பம் உண்டு. மூத்த மகள் ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் கைப்பேசி ஆலை ஒன்றில் பணிபுரிகிறாள். பணி முடிந்து வெளியேறும் ஒவ்வொரு நாளும் வாயிலில் சோதனையிட்ட பின்னரே அவளை அனுப்புகிறார்கள். ஒரு திருகாணிகூட வெளியே போய்விடக் கூடாதல்லவா! அவள் அதைக் குறையாகச் சொன்னதில்லை. 2024-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்குத் துபாயிலிருந்து வந்த அவளுடைய தாய்மாமன், புத்தம்புதிய ஐபோன் ஒன்றை அவள் கையில் வைத்தார். பெட்டி இல்லை. பெட்டியைத் துபாய் விமான நிலையத்திலேயே எறிந்துவிட்டு, மேல் தாளை உரித்து, தம் சிம் அட்டையைச் செருகி, சட்டைப் பையில் இட்டுக்கொண்டு, சென்னையில் பச்சை வழியே வெளியே வந்துவிட்டாராம். "பயணி பயன்படுத்திய சொந்தப் பொருளுக்கு வரி கிடையாது, தெரியுமா?" என்றார். வீடே சிரித்தது. நாமும் சிரித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

பின்னர்தான் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அவ்வாண்டு செப்டம்பரில் வெளிவந்த ஐபோன் 16 புரோவின் தொடக்க விலை இந்தியாவில் 1,19,900 ரூபாய். துபாயில் 4,299 திர்ஹம், அதாவது அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 98,000 ரூபாய். மிச்சம் சற்றேறக்குறைய 22,000. ஆனால் அப்போது நடப்பிலிருந்த 2016-ஆம் ஆண்டின் பயணப்பொதி விதிகளின்படி, வளைகுடாவிலிருந்து வருபவர் 50,000 ரூபாய் மதிப்புள்ள பொருள்வரை வரியின்றிக் கொண்டுவரலாம். அதற்கு மேற்பட்ட மதிப்புக்கு வரி நூற்றுக்கு 38.5. சிவப்பு வழியில் சென்று உண்மையைச் சொல்லியிருந்தால், மீதி 48,000-க்கு 18,480 ரூபாய் கட்டியிருப்பார். மிச்சம் மூவாயிரத்துச் சொச்சம். அப்படியானால் அந்த 22,000-இல் பெரும்பகுதி துபாய்க் கடைக்காரர் தந்த சலுகையன்று. பெட்டியை எறிந்ததற்கும் தாளை உரித்ததற்கும் கிடைத்த கூலி.

இது பாவமா? கேள்வி சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் நம் முன்னோர் இதைச் சிறிதாக எண்ணவில்லை. சுங்கத்தை 'உல்கு' என்று வள்ளுவரே அரசின் வருவாய்களுள் ஒன்றாக எண்ணுகிறார். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் சரக்குப் பொதிகளில் புலி முத்திரையிட்ட காவலரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. முதற் குலோத்துங்கனுக்கோ 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்பதே புகழ்ப்பெயர்! சுங்கத்தை நீக்குவது புகழுக்குரியது என்றால், சுங்கம் மக்களுக்குச் சுமையாக இருந்தது என்றுதானே பொருள்.

திருச்சபையின் அறநெறி இறையியலாரும் இந்தச் சுமையை அறிந்திருந்தனர். பதினாறாம் நூற்றாண்டு முதல் அவர்களிடையே ஒரு கருத்து வழங்கி வந்தது. சில சட்டங்கள் மனச்சான்றைக் கட்டுப்படுத்துவதில்லை. பிடிபட்டால் தண்டம் கட்டும் கடமையை மட்டுமே அவை விதிக்கின்றன என்பது அது. சுங்கச் சட்டங்களைப் பலர் இவ்வகையில் சேர்த்தனர். அரசர்கள் தங்கள் போர்களுக்காக ஏழைகளைக் கசக்கிப் பிழிந்த காலத்தில், இக்கருத்தில் ஓர் இரக்கம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் தாய்மாமன் அந்த நூல்களைப் படித்தவரல்லர். ஆயினும் அவருடைய சிரிப்பில் அந்த இறையியல் முழுவதும் அடங்கியிருந்தது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் இந்த வாயிலை அடைத்துவிட்டது. 1965-இல் வெளிவந்த 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டின் 30-ஆம் பத்தி, நீதியான வரிகளை ஏமாற்றுவோரைப் பெயர் சொல்லாத குறையாகக் கண்டிக்கிறது. 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி நூலோ, வரி ஏய்ப்பை ஏழாம் கட்டளையின் கீழ், அதாவது களவைப் பற்றிய பகுதியில் வைக்கிறது. அரசுக்கு எதிரான குற்றமாக மட்டும் அன்று. அயலாரிடம் செய்த களவாக.

'நீதியான' என்ற அடைமொழியைப் பற்றிக்கொண்டு நாம் வாதாட இடமுண்டு. வாதாடவும் வேண்டும். 2020 ஏப்ரல் முதல் கைப்பேசிக்குச் சரக்கு-சேவை வரி நூற்றுக்கு 18. இறக்குமதியாகும் கைப்பேசிக்கான சுங்கவரியை 2017 டிசம்பரில் 15 ஆகவும், 2018-இல் 20 ஆகவும் உயர்த்தினார்கள். 2024 ஜூலையில் மீண்டும் 15 ஆக்கினார்கள். உள்நாட்டில் ஆலைகள் பெருகவேண்டும் என்பதே உயர்த்தியதற்குச் சொன்ன காரணம். ஆலைகள் பெருகத்தான் செய்தன. 2014 நவம்பர் முதல் நாள் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியபோது ஸ்ரீபெரும்புதூரில் வேலையிழந்தவர்களை நாம் மறக்கவில்லை. அதே வட்டாரத்தில் இன்று ஐபோன்கள் உருவாகின்றன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் மகளிர் விடுதி திறக்கப்பட்டது. தாய்மாமன் ஏய்த்த வரி, மருமகளின் வேலைக்கு எழுப்பிய மதிலின் ஒரு செங்கல்.

ஆனால் மதிலுக்கு உள்ளே இருப்பவளும் விலை கொடுக்கிறாள். அவள் கடையில் வாங்கும் எளிய கைப்பேசிக்கும் அதே 18 விழுக்காடுதான். அவளுக்குப் பச்சை வழியும் இல்லை, சிவப்பு வழியும் இல்லை. வானூர்தியில் பறப்பவரே தப்ப முடிகின்ற வரியை, பறக்க முடியாதவர் முழுவதும் கட்டுகிறார்கள். அரசர்களிடமிருந்து ஏழையைக் காக்கப் பிறந்த பழைய கருத்து, இன்று ஏழையை விட்டுவிட்டு விமானச் சீட்டு வாங்க முடிந்தவனைக் காத்து நிற்கிறது!

தாய்மாமனையும் எளிதில் தீர்ப்பிட்டுவிட முடியாது. அவர் அங்கே கட்டட வேலையில் இருப்பவர். ஐபோன் கேட்டது அவரல்லர், நாம்தாம் கேட்டோம். சிங்கப்பூரிலிருந்தும் கொழும்பிலிருந்தும் கூலிக்குப் பொருள் சுமந்து வருவோரைச் சென்னையில் 'குருவி' என்பார்கள். காசுக்கு இரண்டு விலைபோன குருவிகளை ஆண்டவர் நினைவுகூர்ந்தார். நாமோ பிடிபட்ட குருவியின் செய்தியை நாளிதழில் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறோம். பொருள் யாருக்காக வந்தது என்று கேட்பதில்லை. பொய்யைச் சொல்லும் பொறுப்பு அவர்களுக்கு, பொருள் நமக்கு.

சுங்கத்துறைக்கும் நற்செய்திக்கும் பழைய உறவு உண்டு. மத்தேயு அமர்ந்திருந்த கப்பர்நாகூம், ஏரோது அந்திப்பாவின் ஆட்சிப் பகுதிக்கும் பிலிப்பின் ஆட்சிப் பகுதிக்கும் எல்லைக்கருகில் இருந்த ஊர். அது எல்லைச் சுங்கம்தான். நம் பழைய மொழிபெயர்ப்புகள் 'ஆயக்காரர்' என்று அழகாகச் சொல்லின. இயேசு அவரிடம் வரிச்சட்டத்தின் நீதியைப் பற்றி வாதாடியதாக நற்செய்தி சொல்லவில்லை, பின்தொடருமாறு அழைத்தார். எரிகோவின் சக்கேயு தாம் அதிகமாகப் பறித்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னார். அவர் முன்னே அவருடைய கடன்காரர்கள் நின்றிருந்தார்கள். நம் கடன்காரர் யார்? உடையவர் யாரென்று தெரியாவிட்டால் ஏழைக்குக் கொடுத்துவிடு என்பது பழைய அறநூல்களின் அறிவுரை. இங்கே உடையவர் தெரியாதவரல்லர். அரசு மருத்துவமனையின் வரிசையில் நிற்பவர் அவர்.

இதையெல்லாம் அக்குடும்பத்தில் ஒரு மாலை பேசினோம். தாய்மாமன் அப்போது மீண்டும் துபாய் சென்றுவிட்டிருந்தார். அந்தப் பெண் நெடுநேரம் பேசவில்லை. பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்: பெட்டியில்தான் எந்த நாட்டில் ஒருங்கிணைத்தது என்று அச்சிட்டிருக்கும், அதை ஏன் மாமா எறிந்துவிட்டார் என்று. தன் ஆலையிலிருந்து போனதா என்று பார்த்திருப்பாளாம்.

கைப்பேசி இன்னும் அவளிடம்தான் இருக்கிறது.